கல் என்று பதிவானவர்கள்

வேதநாயகி தன் வலது காலைக் கழற்றி மாதேஸ்வரியின் மேசைமேல் வைத்தாள்.

"இது யாரு காலுன்னு பார்த்துச் சொல்லுங்க மேடம். என்னுது இல்ல."

கிருஷ்ணகிரி செயற்கை உறுப்பு மையத்தில் யாரும் இப்படி நுழைந்ததில்லை. வருகிறவர்கள் வரிசையில் உட்கார்ந்து, கூப்பிட்டதும் எழுந்து, கொடுத்ததை மாட்டிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வேதநாயகி அந்த ரகம் இல்லை. பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் யார்டில் கிரேன் ஓட்டுகிறவள். லாரி அளவு கல்லைக் கொக்கியில் மாட்டித் தூக்கி, பூனைக்குட்டியை இறக்குவதுபோல இறக்கி வைப்பாள் என்று ஊரில் பேச்சு. சங்கிலி அறுந்து சரிந்த ஒரு கல்தான் அவளுடைய முழங்காலுக்குக் கீழே இருந்ததை எடுத்துக்கொண்டது. காலை இழந்த பிறகும் அதே கிரேனுக்குத்தான் திரும்பப் போனாள்.

மாதேஸ்வரி எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பின் முனை ஒரு பக்கமாகப் புடைத்திருந்த இடத்தில் தோல் கிழிந்து புண்ணாகியிருந்தது. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டிய பின்பக்கம் கன்றிச் சிவந்து கிடந்தது.

"எத்தனை நாளாக்கா இப்படி?"

"மாட்டின அன்னைக்கே. பழகிடும்னு சொன்னாங்க. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பழகிப் பார்த்தேன். காலுதான் பழக மாட்டேங்குது."

இந்தக் காலை வரைந்தவள் மாதேஸ்வரிதான். எஞ்சிய காலை ஸ்கேன் செய்து, அந்த வடிவத்துக்கு ஏற்ற கிண்ணத்தைக் கணினியில் வரைவது அவள் வேலை. அந்தக் கிண்ணத்துக்கு சாக்கெட் என்று பெயர். கால் முழுக்க அதற்குள்தான் உட்காரும். வேதநாயகியின் எலும்புப் புடைப்புக்கென்று உள்பக்கம் ஒரு பள்ளம் விட்டது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அரை நாள் பாடுபட்டு விட்ட பள்ளம் அது. மேசைமேல் இருந்த சாக்கெட்டுக்குள் விரலை விட்டுத் தடவினாள். பள்ளத்தைக் காணோம். உள்ளே சீராக, வழவழவென்று, சோழிபோல இருந்தது.

ஸ்கேனரை எடுத்து சாக்கெட்டின் உள்பக்கத்தைப் படம் பிடித்தாள். திரையில் ஒரு கால் தோன்றியது. வடுவில்லை, புடைப்பில்லை, கோணல் இல்லை. பாடப்புத்தகத்தில் போடலாம்போல அழகான கால்.

"யாரு இது?" என்றாள் வேதநாயகி.

"யாரும் இல்லக்கா," என்றாள் மாதேஸ்வரி.

"புரியற மாதிரி சொல்லுங்க."

"நாங்க இங்க வரையறது ரூபகா பத்துல. வரையற சாஃப்ட்வேர் பேரு ரூபகா. இதை வெட்டற மெஷின் சென்னைல இருக்கு, அங்க ரூபகா பதினொண்ணு. ரெண்டு மூணு மாசம் முன்னாடிதான் மாத்தினாங்க. நான் அனுப்பற ஃபைலைப் பதினொண்ணு திறக்கும்போது, 'இது பழசு, இதுல பிழை இருக்கும்'னு அதுவா முடிவு பண்ணிச் சரிசெஞ்சிடுது போல இருக்கு."

"எதைச் சரிசெய்யுது?"

"உங்க காலை."

வேதநாயகி சாக்கெட்டை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அது சரிசெஞ்சதை நீங்க பார்க்கவே இல்லையா?"

"பார்க்க முடியாதுக்கா. பதினொண்ணு சேமிச்ச ஃபைலைப் பத்து திறக்காது. இங்கேருந்து போறதுக்கு மட்டும்தான் வழி. திரும்பி வர வழியே கிடையாது."

அன்று மாதேஸ்வரி ரூபகா நிறுவனத்துக்குப் போன் செய்தாள். வாடிக்கையாளர் தொடர்பைக் கவனிக்கும் பிரதீபன் என்பவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் குரலில் கொஞ்சம்கூடப் பதற்றம் இல்லை.

"மேடம், அது கோளாறு இல்ல, வசதி. செம்மையாக்கம்னு பேரு. பழைய பில்டுல, அதாவது பழைய பதிப்புல, வரைஞ்சதைப் புது பில்டுல திறந்தா கோடு கோட்டோட ஒட்டாது, ஓட்டை விழும், தேவையில்லாத முண்டு முடிச்சு வரும். ஊரெல்லாம் இதைச் சொல்லித்தான் அழுதாங்க. அதுக்காகவே கொண்டுவந்தது. கார் கம்பெனிக்காரங்க எங்களுக்குக் கோயில் கட்டாத குறை."

"கார் கதவுல முண்டு இருந்தா பிழை. இவங்க கால்ல இருக்கற முண்டு இவங்க எலும்புங்க."

"மனித உறுப்புக்குத் தனியா பயிற்சி கொடுத்திருக்கோம் மேடம். லட்சக்கணக்கான காலைப் பார்த்துக் கத்துக்கிட்டிருக்கு. ஒரு கால் எப்படி இருக்கணும்னு அதுக்கு நல்லாத் தெரியும்."

"ஒரு கால் எப்படி இருக்கணும்னு தெரியும். இவங்க கால் எப்படி இருக்குதுன்னு தெரியலையே?"

மறுமுனையில் சின்னச் சிரிப்பு. "அளவு வரம்புக்கு வெளியில இருக்கற கேஸ் கொஞ்சம் வரும். அதுக்கும் வழி வச்சிருக்கோம். வடிவ ஒத்திசைவு சிகிச்சைன்னு ஒண்ணு இருக்கு. எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, தசையைச் சரிபண்ணி, ஃபைலுக்கு ஏத்த மாதிரி கொண்டுவந்துடுவாங்க. இன்ஷூரன்ஸ்ல முழுசா வரும். உங்க டாக்டர்கிட்ட கேளுங்க."

மாதேஸ்வரி போனை வைத்துவிட்டு நேராகத் துறைத் தலைவர் டாக்டர் ஆனந்தநம்பியின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. மையத்துக்கு மின்தூக்கி வேண்டும் என்று மூன்று மந்திரிகளிடம் நடந்து வாங்கி வந்தவர். ஆனால் அவருக்கும் பதில் தயாராக இருந்தது.

"பதினொண்ணுல போன ஃபைலுக்குத்தான் காப்பீட்டுக்காரங்க அனுமதி தர்றாங்கம்மா. நான் என்ன பண்ணட்டும்? அடுத்த வருஷம் நம்ம மையத்துக்கே பதினொண்ணு வந்துடும். அப்ப ஸ்கேன் எடுக்கும்போதே செம்மையாயிடும். இந்தப் பிரச்சினையே இருக்காது."

"பிரச்சினை இருக்கும் சார். அது எங்கேயும் பதிவாகாது, அவ்வளவுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தீர்த்தகிரி அந்த சிகிச்சைக்கு ஒத்துக்கிட்டார். ஆபரேஷன் முடிஞ்சு மேல் வார்டுல இருக்கார். போய்ப் பாரு. அப்புறம் பேசலாம்."

தீர்த்தகிரி மாங்கூழ்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மாம்பழக் காலம் வந்தால் உடம்பெல்லாம் இனிப்பாக மணக்கிறது, வீட்டில் எறும்பு தொல்லை தாங்கவில்லை என்று சொல்லிச் சிரிப்பார். இப்போது படுக்கையில் சுருங்கிக் கிடந்தார். போர்வைக்கு அடியில் மருந்துக்கும் மீறி ஒரு வாடை வந்தது.

"எப்படி இருக்கீங்கண்ணா?"

"வடிவம் ஃபைலுக்குச் சரியா வந்திடுச்சாம் மேடம். படம்கூடக் காட்டுனாங்க. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு அச்சா உட்காருது." அவர் கூரையைப் பார்த்தார். "புண்ணுதான் ஆற மாட்டேங்குது. சர்க்கரை இருக்குதில்ல. முட்டிக்கு மேல எடுக்கணும்னு காலைல சொல்லிட்டுப் போனாங்க."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க வரைஞ்சு கொடுத்த பழைய காலு நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் தீர்த்தகிரி. குறை சொல்லும் குரல் இல்லை அது. அதனால்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

வேதநாயகியிடமும் அதே சிகிச்சையைச் சொன்னார்கள். மாதேஸ்வரியின் அறையில் வைத்துத்தான் டாக்டர் ஆனந்தநம்பி பேசினார். வேதநாயகி முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"சார், சட்டை பத்தலைன்னா டெய்லர் கையை வெட்டுவானா?"

"அப்படி இல்லம்மா..."

"அப்படித்தான் சார். நான் ஒத்துக்க மாட்டேன். ஊன்றுகோல் வச்சு நடந்துக்கறேன், புண்ணு ஆறட்டும். எங்க யார்டுல இதே ரூபகாதான் ஓடுது. கல்லைச் சுத்தி ஸ்கேன் எடுப்பாங்க. கல்லு எப்படி இருக்கோ அப்படியே வரும், ஒரு சொட்டை, ஒரு கீறல் விடாம. கல்லுக்குக் கிடைக்கிற மரியாதைகூட என் காலுக்குக் கிடையாதா?"

டாக்டர் போனதும் மாதேஸ்வரி வேதநாயகியின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்க யார்டுல ஓடறதும் பதினொண்ணா?"

"ஆமா. ஏன்?"

"செம்மையாக்கம் பண்றதில்லையா?"

"கல்லை யாரு திருத்துவாங்க?"

மாதேஸ்வரி கணினி முன் உட்கார்ந்து வேதநாயகியின் பழைய ஸ்கேனைத் திறந்தாள். கோப்பின் தலைப்பகுதியில் 'வகை' என்று ஒரு வரி. இயந்திரப் பாகம், கட்டடம், மனித உறுப்பு, இயற்கைக் கல் என்று அதில் வாய்ப்புகள். இத்தனை வருடமாக மனித உறுப்பைத் தவிர வேறு எதையும் அவள் தொட்டதே இல்லை. திரும்பி வேதநாயகியைப் பார்த்தாள்.

"உங்க காலைக் கல்லுன்னு போடலாமாக்கா?"

வேதநாயகிக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது. "தாராளமாப் போடு தங்கச்சி. என்னை விட்டா வேற யாரு கேட்கப் போறாங்க?"

அதுவரை மேடமாக இருந்தவள் அன்றிலிருந்து தங்கச்சி ஆனாள்.

சென்னையில் இயந்திரம் ஓட்டுகிறவர் போனில் கூப்பிட்டார். "மேடம், ஆஸ்பத்திரிலேருந்து கல்லுன்னு வந்திருக்கு, தப்பா அனுப்பிட்டீங்களா?"

"தப்பில்லைங்க. வெட்டுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். திரையில் இருப்பது கல் இல்லை என்பது பார்த்தாலே தெரியும். "சரிங்க," என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

புண் ஆறியதும் புதுச் சாக்கெட்டை மாட்டினார்கள். வேதநாயகி எழுந்தாள், நின்றாள். கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போனாள். திரும்பி வரும்போது முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா, வலிக்குதா?" என்று பதறினாள் மாதேஸ்வரி.

"வலிக்கலை தங்கச்சி. வலிக்கலைன்னதும் அழுகை வருது, அதை அடக்கிக்கிட்டு வர்றேன்."

அதற்குப் பிறகு வந்த எல்லாரையும் மாதேஸ்வரி கல்லாக்கினாள். போலியோவில் சூம்பிய கால், தீயில் உருகிய கை, பிறவியிலேயே விரல் உருவாகாத பாதம். ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஒருத்தரும் மறுக்கவில்லை. சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவர் மட்டும், "கல்லுன்னா சாமின்னு அர்த்தமாம்மா?" என்று கேட்டார்.

நாகர்கோவில் மையத்தில் ரோஸ்லின் என்றொரு தோழி. அவர்களிடம் இன்னும் பழைய ரூபகா எட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. எட்டிலிருந்து போகிற கோப்பு பதினொன்றில் இன்னும் அதிகமாகத் திருத்தப்பட்டது. ஒரு குழந்தையின் கைச்சாக்கெட் பெரியவர் கைபோல வந்தது என்று ரோஸ்லின் புலம்பினாள். மாதேஸ்வரி சொன்னது ஒரே வரி. "கல்லுன்னு மாத்தி அனுப்பு." ரோஸ்லின் தஞ்சாவூரில் இருப்பவர்களுக்குச் சொன்னாள். அவர்கள் யாருக்குச் சொன்னார்களோ தெரியாது. எட்டும் ஒன்பதும் பத்தும் பதினொன்றும் ஒன்றோடொன்று பேசாத அந்த உலகத்தில், எல்லாம் ஒன்றுபோலப் புரிந்துகொண்ட ஒரே சொல்லாகக் கல் ஆகிப்போனது.

இது எத்தனை நாள் மறைந்திருக்கும்? ஒரு திங்கட்கிழமை பிரதீபனே நேரில் வந்துவிட்டார். போனில் கேட்ட குரலைவிட இளையவர். மடிப்புக் கலையாத சட்டை, கையில் மடிக்கணினி. டாக்டர் அறையில் மாதேஸ்வரியை உட்காரச் சொன்னார்கள். வேதநாயகியைக் கூப்பிடவில்லை. ஆனாலும் அவள் வந்து கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"தமிழ்நாட்டிலேயே அதிகமா இயற்கைக் கல் அனுப்பறது ஒரு ஆஸ்பத்திரின்னு எங்க கணக்குல வருது," என்றார் பிரதீபன். "நீங்க என்ன, குவாரி நடத்தறீங்களா மேடம்?"

"சாக்கெட் செய்யறோம்."

"வகையைப் பொய்யாக் குறிக்கிறது ஒப்பந்த மீறல். தெரியுமில்ல?"

"காலோட வடிவத்தைக் கேட்காம மாத்தறது எந்த ஒப்பந்தத்துல இருக்குங்க?"

"நாங்க கெடுதல் பண்றதுக்கா செய்யறோம்? ஆயிரத்துல தொள்ளாயிரம் பேருக்கு இது நல்லாப் பொருந்துது."

"மீதி நூறு பேரும் இங்கதான் வர்றாங்க," என்றாள் மாதேஸ்வரி. "நல்லாப் பொருந்தற கால் இருக்கறவங்களுக்கு நான் எதுக்கு?"

பிரதீபன் பெருமூச்சு விட்டார். அவர் சண்டை போட வந்தவர் இல்லை, முடித்துவிட்டுப் போக வந்தவர். "சரி. உங்களுக்காக மேல பேசி ஒரு விதிவிலக்கு வாங்கியிருக்கேன். செம்மையாக்கம் வேண்டாம்னா பேஷண்ட் ஒரு உறுதிமொழி கொடுக்கணும். 'என் உறுப்பு பிழையான வடிவம் கொண்டது, அதனால் வரும் விளைவுகளுக்கு நானே பொறுப்பு.' அவ்வளவுதான். ஒரு கையெழுத்து."

டாக்டர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "நல்ல ஏற்பாடுதானேம்மா?"

கதவருகே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வேதநாயகி எழுந்து வந்தாள். புதுக் காலில் நிதானமாக நடந்து வந்து மேசைமுன் நின்றாள்.

"தம்பி, இந்தக் காலு கல்லுக்கடியில போய் மீண்டு வந்தது. எலும்பு அதுக்கு இஷ்டப்பட்ட பக்கம் வளர்ந்துச்சு. தொடைத்தோலு கெண்டைக்கு வந்து ஒட்டிக்கிச்சு. இதை வச்சுத்தான் நான் டன் கணக்குல தூக்கறேன். பிழைன்னு நான் எழுதித் தரணுமா? பிழை உங்க மெஷின்ல இருக்குன்னு நீங்க எழுதிக் குடுங்க. நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

"அக்கா, கோபப்படாம..."

"கோபம் இல்ல. முடியாதுன்னு சொல்றேன்."

மாதேஸ்வரியும் அதையேதான் சொன்னாள். இனி மனித உறுப்பென்று குறித்து ஒரு கோப்பும் தன் கையால் போகாது என்றாள். டாக்டர் ஆனந்தநம்பி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலைக்குள் பணியிடை நீக்க உத்தரவு வந்தது. கையெழுத்துப் போடும்போது அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிரதீபன் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார். "அடுத்த பில்டுல கல் வகைக்கும் செம்மையாக்கம் வந்துடும் மேடம். இந்த ஓட்டையை அடைச்சிடுவோம். வீணா வேலையை விட்டுக்காதீங்க."

மாதேஸ்வரி வேலையில்லாமல் அதிக நாள் இருக்கவில்லை. வேதநாயகி அவளைத் தன் யார்டுக்கு அழைத்துப் போனாள். யார்டு முதலாளி முனிரெட்டி கல்லைத் தவிர உலகத்தில் வேறெதிலும் அக்கறை இல்லாதவர். ஸ்கேன் எடுக்கத் தெரிந்த ஆள் அவருக்கும் தேவைப்பட்டது.

"ஆஸ்பத்திரில என்னா தகராறுன்னு எனக்கு வேணாம்," என்றார். "கல்லை ஒழுங்கா ஸ்கேன் எடுத்தா போதும். சாப்பாட்டு நேரத்துல நீ என்னாவோ பண்ணிக்க."

யார்டில் கல்லைச் செதுக்கும் பெரிய இயந்திரம் ஒன்று இருந்தது. கோயில் தூணிலிருந்து சமையலறைத் தொட்டிவரை எல்லாம் அதில்தான். கருங்கல்லைக் கடைகிற இயந்திரத்துக்கு நுரைக்கட்டி எம்மாத்திரம்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாதேஸ்வரி அதில் கால்களைச் செதுக்கினாள். நுரையில் வந்த காலின்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தினால் சாக்கெட் தயார். கருங்கல் தூள் பறக்கும் கொட்டகையில் மக்கள் வந்து காத்திருந்தார்கள்.

அப்புறம் அந்த பில்ட் வந்தது.

வழக்கம்போலத் தானாகவே இறங்கி, தானாகவே பொருத்திக்கொண்டது. மாதேஸ்வரி காலையில் யார்டுக்கு வந்தபோது முந்தின நாள் எடுத்த ஸ்கேன்கள் எல்லாம் கொஞ்சம் அழகாகத் தெரிந்தன. ஒரு கோப்பைத் திறந்து பெரிதாக்கினாள். ஏற்றுமதிக்கு வைத்திருந்த பெரிய கறுப்புக் கல். நேற்று அதன் குறுக்கே மயிரிழைபோல ஒரு கீறலைப் பார்த்தது அவளுக்கு நினைவிருந்தது. திரையில் அந்தக் கீறல் இல்லை. கல் வகைக்கும் செம்மையாக்கம் வந்துவிட்டது. தூக்கலாம் என்று பச்சை நிறத்தில் காட்டியது கணினி.

வெளியே கிரேன் உறுமும் சத்தம்.

மாதேஸ்வரி ஓடினாள். கல் தரையைவிட்டு ஆள் உயரம் எழும்பியிருந்தது. கீழே கட்டை வைக்க இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். "அக்கா! இறக்கு! கீறல் இருக்கு!" என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இரண்டு கைகளையும் தலைக்குமேல் வீசிக்கொண்டு கிரேனுக்கு நேரே போய் நின்றாள். வேதநாயகி பார்த்துவிட்டாள். ஏன் எதற்கென்று யோசிக்கவில்லை. ஒலிப்பானை விடாமல் அழுத்தினாள். கட்டைக்காரர்கள் இருவரும் சிதறி ஓடினார்கள். கல்லை ஆளில்லாத பக்கம் திருப்பி இறக்கினாள். தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது கல் நடுவில் விட்டுப்போனது. பாதி சங்கிலியில் ஆடியது. பாதி விழுந்த அதிர்ச்சியில் கொட்டகைத் தகரமெல்லாம் தடதடத்தது.

தூள் அடங்கியபோது ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தது. முனிரெட்டி உடைந்த கல்லின் முன் குந்தி, பிளந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஸ்கேன்ல கீறல் இல்லையே?" என்றார்.

"நேத்து இருந்துச்சுங்க. இன்னைக்கு சாஃப்ட்வேர் அதைத் திருத்திடுச்சு. கல்லு எப்படி இருக்கணுமோ அப்படிக் காட்டுது."

"இருக்கற மாதிரி காட்டாம, இருக்கணும்ங்கற மாதிரி காட்டுறதுக்கு அவன் யாரு?" என்று முனிரெட்டி கத்தியது ரோடு வரைக்கும் கேட்டது. வேதநாயகி கிரேனிலிருந்து இறங்கி வந்து மாதேஸ்வரியின் பக்கத்தில் நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனை மாதமாக அவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததை முனிரெட்டி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அவர் கத்தினால் கேட்க ஆள் இருந்தது. கிரானைட் ஏற்றுமதியாளர்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். ஓசூரிலிருந்தும் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் புகார் குவிந்தது. அந்த வாரம் முடிவதற்குள் ரூபகா அந்த பில்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கூடவே ஓர் அறிவிப்பு: 'இயற்கைக் கல் வகைக் கோப்புகளில் உரிமையாளரின் ஒப்புதலின்றி இனி எந்த பில்டும் எந்த மாற்றமும் செய்யாது.'

மாதேஸ்வரி அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். கொட்டகையில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். தீர்த்தகிரி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு முட்டிக்கு மேல் வரை காலை எடுத்துவிட்டிருந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்திருந்தார்.

"நாம கத்தினப்ப காது கேட்கலை இல்ல மேடம்? நான் கேஸ் போடப் போறேன்."

நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு வந்தது. மாதேஸ்வரி சாட்சி. விசாரணை நாளில் சின்னக் கூடம் நிரம்பி வழிந்தது. ஊன்றுகோல்களைச் சுவரோரம் சாத்தி வைக்க இடமில்லாமல் வெளியே வேப்பமரத்தடியில் சாத்தியிருந்தார்கள். ஆணையத்தின் தலைவராக இருந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிறுவனத்தின் வக்கீலிடம் நேரடியாகக் கேட்டார்.

"கல்லை மாத்தணும்னா உரிமையாளர் ஒப்புதல் வேணும்னு நீங்களே அறிவிச்சிருக்கீங்க. இவர் காலை மாத்தினப்ப உரிமையாளரைக் கேட்டீங்களா?"

"கேட்டோம்ங்கம்மா," என்றார் வக்கீல்.

தீர்த்தகிரி நாற்காலியில் நிமிர்ந்தார். "என்னை யாரும் கேட்கலைங்க!"

"உங்களை இல்லைங்க." வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "மனித உறுப்பு வகையில கோப்புக்கு உரிமையாளர் காப்பீட்டு நிறுவனம். ஒப்பந்தம் அப்படித்தான் இருக்கு. அவங்க ஒப்புதல் தந்திருக்காங்க."

தலைவர் அம்மாள் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"அவர் காலோட வடிவம் அவருது இல்ல. அப்படித்தானே சொல்றீங்க?"

"கோப்பின்படி இல்லைங்கம்மா."

"இந்த அம்மா கல்லுன்னு அனுப்பினாங்களே, அந்தக் கோப்பெல்லாம் யாருக்குச் சொந்தம்?"

மாதேஸ்வரி எழுந்து நின்றாள். "கல் வகையில உரிமையாளர் பேர் எழுதாட்டி கோப்பு சேமிக்காதுங்கம்மா. கல்லுன்னா குவாரிக்காரங்க பேர் வரணும். எனக்கு யார் பேரை எழுதறதுன்னு தெரியலை. அதனால அவங்கவங்க பேரையே எழுதினேன்."

தலைவர் அம்மாள் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரதீபனைப் பார்த்தார். பிரதீபன் மடிக்கணினியில் எதையோ தேடினார், கண்டுபிடித்தார், மூடினார்.

"அது செல்லும்," என்றார் வக்கீல் கடைசியில். "இயற்கைக் கல்லாகப் பதிவானவங்களோட வடிவத்தைத் தொட எங்களுக்கோ காப்பீட்டாருக்கோ உரிமை இல்லைங்கம்மா. அது அவங்க சொத்து."

தீர்த்தகிரிக்கு இழப்பீடு வேண்டுமா, எவ்வளவு என்பதெல்லாம் வேறு தேதிக்குத் தள்ளிப்போனது. ஆனால் வக்கீல் சொன்ன அந்த வரி அன்று மாலையே செய்தியாகிவிட்டது.

மறுநாள் காலை மாதேஸ்வரி யார்டுக்கு வந்தபோது கேட்டுக்கு வெளியே தார்ச்சாலை வரைக்கும் வரிசை நின்றது. முனிரெட்டி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். வேதநாயகி கிரேனுக்குப் போகாமல் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். கால் இல்லாதவர்கள் நின்றார்கள், கை இல்லாதவர்கள் நின்றார்கள். ஆனால் முதலில் நின்ற ஆளுக்கு இரண்டு காலும் இரண்டு கையும் நன்றாகவே இருந்தன. நாற்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"உங்களுக்கு என்னங்க குறை?" என்று கேட்டாள் மாதேஸ்வரி.

"ஒரு குறையும் இல்லைங்க. பஸ் ஓட்டறேன்." அவர் கூச்சத்தோடு சிரித்தார். "நாளைக்கு என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்? இப்ப எப்படி இருக்கேனோ, அது என் பேர்ல இருக்கட்டும். கல்லுன்னு போட்டாலும் பரவாயில்லைங்க."

மாதேஸ்வரி ஸ்கேனரைக் கையில் எடுத்தாள்.

"பேர் சொல்லுங்க," என்றாள்.